தீபாவளிக்கு முன் நான் அடைத்த பல்

மண்ணூர்பேட்டையில் ஷெட் வைத்திருப்பவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்டால் ஒன்றுதான் சொல்வார்கள்: ஒழுகுவது எதுவானாலும் அந்த ஆளைக் கூப்பிடு. ஹைட்ராலிக் சிலிண்டர், கூலண்ட் தொட்டி, கம்ப்ரசர் குழாய், மழைக்கு ஒழுகும் கூரை என்று எது வந்தாலும் நான் கை வைத்தால் நின்றுவிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினான்கு வயதில் லேத் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கச் சேர்ந்தேன். இன்றைக்கு எனக்கு மூன்று லேத், ஒரு மில்லிங், இரண்டு சி.என்.சி. மெஷின், பதினோரு ஆள். அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி மாடி வீடு. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைதான். அந்தப் பெருமைதான் போன தீபாவளிக்கு ஒரு ஆளின் தொண்டையை அடைத்தது.

அந்த ஆள் என் மச்சான், என் மனைவியின் தம்பி. ஐம்பத்தொரு வயது. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான். ஷெட்டில் ஸ்டோர், டெலிவரி இரண்டையும் பார்த்துக்கொள்கிறான். சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மாத்திரையை மறப்பான், இனிப்பை மறக்க மாட்டான்.

எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தீபாவளி ஒரு நாள் இல்லை, இருபது நாள். ஆயுத பூஜைப் பொரி தீருவதற்குள் ஸ்வீட் பாக்ஸ் வர ஆரம்பித்துவிடும். டூல்ஸ் விற்பவர், பெயிண்ட் போடுபவர், லாரிக்காரர், வெல்டிங் கேஸ் கொண்டுவருபவர் என்று ஆளுக்கொரு பெட்டியோடு வந்து நிற்பார்கள். வாங்கி அலமாரியில் வைத்தால் மரியாதை இல்லை. கொடுத்தவர் எதிரிலேயே ரிப்பனை அவிழ்த்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கேட்டில் நின்று வாங்குகிறவன் மச்சான். ஆகையால் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவன் வாயில் லட்டோ பாதுஷாவோ கரைந்தபடியே இருக்கும்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் சுண்டல் தட்டைத் திருப்பிக் கொடுக்க எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த டாக்டர் பெண் கீழே வந்தாள். பல் டாக்டர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புருஷனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. இவளுக்குத் திருவேற்காட்டில் ஒரு கிளினிக். மச்சான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, பல்லா? எத்தனை நாளா?"

"ஸ்வீட்டு துன்னா மட்டும் சுருக்குனு ஏறுது டாக்டர். சாம்பாருக்கு ஒன்னியும் பண்ணல."

"அப்போ சாம்பாரையே துன்னு. எவன் வேணான்றான்?" என்றாள் என் மனைவி.

டாக்டர் போனில் இருந்த லைட்டைப் போட்டு அவன் வாய்க்குள் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறிவிட்டது.

"இங்க பாருங்கண்ணே. பண்டிகைக்கு இனிப்பே சாப்பிடாதீங்கன்னு எந்தப் பல் டாக்டரும் சொல்ல மாட்டாங்க. உங்க சுகருக்கு எவ்வளவுன்னு அந்த டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆனா சாப்பிடுறதைச் சாப்பாட்டோட சேத்து ஒரே தடவையாச் சாப்பிட்டு முடிச்சிருங்க. நாள் பூரா வாயில போட்டுக்கிட்டே இருந்தா பல்லுக்கு ஏது ஓய்வு? சாப்பிட்டதும் தண்ணி விட்டு நல்லாக் கொப்பளிங்க. ராத்திரி தேய்க்காமப் படுக்காதீங்க. இதெல்லாம் நல்லா இருக்கிற பல்லுக்கு. கீழ் வரிசையில கடைசிக்கு முந்தின பல்லு ஒண்ணு சொத்தையாகி நரம்பு வரைக்கும் போயிருச்சு. அதை மேலாப்புல அடைச்சா உள்ளயே சீழ் கட்டும். வேரைச் சுத்தம் பண்ணித்தான் அடைக்கணும். தீபாவளிக்கு முன்னாலயே கிளினிக்குக்கு வந்திருங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. படித்தவர்கள் சின்ன வேலையைப் பெரிதாக்கிச் சொல்வார்கள் என்பது என் நாற்பது வருட அனுபவம். அந்த அனுபவத்தை வைத்து அவள் பேச்சிலிருந்து 'அடைக்கணும்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டேன்.

அவள் மாடி ஏறியதும் மச்சான் என் பக்கம் நகர்ந்தான். ஊசி என்றால் அவனுக்கு உயிர் போகும். சுகர் டெஸ்டுக்கு விரலில் குத்தினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

"மாமே, அந்தம்மா வேரு கீருன்னு பயமுறுத்துது. நீ பாக்காத ஓட்டையா? நீயே அடைச்சு உட்டுடேன்."

"வலிக்கும்டா."

"உன் கை மேல எனக்கு நம்பிக்கை கீது."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஷெட்டில் மெஷின் எதுவும் ஓடவில்லை. மச்சானை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையைச் சுவரில் சாய்த்தேன். மெஷின் லைட்டைத் திருப்பி வாய்க்கு நேராக வைத்தேன். ஒரு எம்.எம். டிரில் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி, விரலால் உருட்டி உருட்டிக் கறுப்பைச் சுரண்டினேன். பிட்டை வெந்நீரில் போட்டு எடுத்திருந்தேன். சுத்தம் பார்க்கிறவன் நான்.

"ஆ... ஆ..."

"இன்னாடா? நோவுதா?"

"ஆஆ" என்று தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர் ஓடியது. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. மழைக்காலத்தில் மூடியே வைத்திருந்த, மெஷினைக் குளிர்விக்கிற கூலண்ட் தொட்டியைத் திறந்தால் வருகிற வாடை. அங்கே நிறுத்தியிருக்கலாம். தொட்டியில் அந்த வாடை வந்தால் என்ன செய்வேன்? காலி பண்ணிக் கழுவுவேன், அடைக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். பல்லுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

கம்ப்ரசர் காற்றை மெதுவாக வைத்து ஓட்டையை உலர்த்தினேன். பைப் ஒழுகினால் அடைப்போமே, இரண்டு நிறத்தில் வருகிற மாவு மாதிரிப் பசை, அதைப் பிசைந்து உருட்டி உள்ளே அழுத்தினேன். கட்டைவிரலால் வழித்துவிட்டேன். ஒரு மணி நேரம் வாயைத் திறந்தபடியே உட்காரவைத்தேன். எச்சில் ஒழுகிச் சட்டை நனைந்தது. காய்ந்த பிறகு, இரண்டு இரும்புப் பரப்பு சரியாக உட்காருகிறதா என்று பார்க்கத் தடவுகிற நீலத்தைத் தொட்டு வைத்துக் கடிக்கச் சொன்னேன். மேடாகப் பதிந்த இடத்தைச் சின்ன அரத்தால் ராவினேன். மச்சான் நாக்கால் தடவிப் பார்த்தான்.

"சோக்கா கீது மாமே! ஒரிஜினல் மாதிரியே கீது."

"இனிமே பாகை ஊத்தி நிரப்பினாலும் உள்ள போவாது. துன்னு."

அன்றைக்கு ராத்திரியும் மறுநாளும் விண்விண் என்று தெறித்தது என்றான். மூன்றாம் நாள் வலி சுத்தமாக நின்றுவிட்டது. நான் ஷெட்டில் எல்லார் முன்னாலும் அவனுக்கு ஒரு மைசூர்பாகைக் கொடுத்து அந்தப் பக்கத்துப் பல்லாலேயே கடிக்கச் சொன்னேன். கடித்தான். சிரித்தான். கை தட்டினார்கள். நரம்பு செத்தாலும் வலி நிற்கும் என்று எனக்கு அப்போது சொல்ல யாரும் இல்லை. சொல்லக்கூடியவள் மாடியில்தான் இருந்தாள். நான் கேட்கவில்லை. அக்காவிடமும் டாக்டரிடமும் வாயைத் திறக்காதே என்று மச்சானிடம் சொல்லி வைத்திருந்தேன். கிளினிக்குக்குப் போனாயா என்று டாக்டர் கேட்டால், வலி போய்விட்டது என்று சொல் என்றேன். ஒருநாள் அவள் கேட்டபோது அப்படியே சொன்னான். "வலி போனதுதாண்ணே எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் சொன்னாளாம். அதை என்னிடம் ஒரு ஜோக்காகச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கை தட்டினவர்களில் இரண்டு பேர் எனக்கும் செய் என்று வந்தார்கள். ஒருவர் எதிர் ஷெட் வாட்ச்மேன். இன்னொருவர் ஒடிசாக்காரர். ஏழு வருஷமாக என்னிடம் மில்லிங் ஓட்டுகிறவர். ஊருக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இனிப்புத் தின்ன வேண்டும், பல் விடமாட்டேன் என்கிறது என்றார். இரண்டு பேருக்கும் அடைத்துவிட்டேன். ஒடிசாக்காரர் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் நான் கொடுத்த இரண்டு கிலோ பாக்ஸோடு ரயில் ஏறினார்.

அவர் போன மறுநாள் மச்சானின் தாடைக்குக் கீழே ஒரு வீக்கம் தெரிந்தது. தொட்டால் மரக்கட்டை மாதிரி இருந்தது. உடம்பு சுட்டது.

"இன்னாடா இது, கோலிகுண்டு முழுங்கிக்கினியா?" என்றேன். அவன் சிரிக்க முயன்றான். வாய் பாதிதான் திறந்தது.

மனைவி டாக்டரைக் கேட்கலாம் என்றாள். டாக்டர் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தாள். "போன் போடவா?" என்றாள். வேண்டாம், உப்பை வறுத்து ஒத்தடம் கொடு என்றேன். கொடுத்தாள். ஒவ்வொரு ஒத்தடத்துக்கும் வீக்கம் கொஞ்சம் கழுத்துப் பக்கம் இறங்கியது. வீக்கம் இறங்கினால் நல்லது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

தீபாவளியன்று விடிகாலை எண்ணெய் வைக்க அவனைக் கூப்பிடப் போன மனைவி கத்தினாள். நான் ஓடினேன். மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். படுக்க முடியாமல் ராத்திரி முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கிறான். கழுத்தும் தாடையும் ஒன்றாகிவிட்டிருந்தன. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியவிட்டுக்கொண்டிருந்தான். பேசினால் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி சத்தம் வந்தது. என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. வெளியே நாலு பக்கமும் சரவெடி. ஒரு வெடி அடங்கி அடுத்தது கிளம்புகிற இடைவெளியில் அவன் மூச்சு கேட்டது. தேய்ந்த பேரிங் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு மெஷின் அதிக நேரம் ஓடாது.

மனைவி என்னைக் கேட்காமல் டாக்டருக்கு வீடியோ கால் போட்டாள். டாக்டர் புதுப் புடவையில், கையில் ஏதோ பலகாரத்தட்டோடு வந்தாள். மச்சானைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாக்கைத் தூக்கச் சொல்லுங்க. தூக்க முடியலியா? அக்கா, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. படுக்க வைக்காதீங்க, உக்கார வெச்சே கூட்டிட்டுப் போங்க. வீக்கம் மூச்சுக்குழாயை அமுக்குது. ஒத்தடம் கித்தடம் ஏதும் கொடுத்தீங்களா?"

"உப்பு ஒத்தடம்மா. இவரு குடுக்கச் சொன்னாரு."

"ஐயோ. பல்லுக்கு எங்கயாவது வைத்தியம் பார்த்தீங்களா?"

"எங்கயும் பாக்கலியே" என்றாள் மனைவி. அவளுக்குத் தெரியாது. நான் கார் சாவியைத் தேடப் போய்விட்டேன்.

திருவேற்காட்டைத் தாண்டுவதற்குள் எனக்கு வயதாகிவிட்டது. தெரு முழுக்கப் புகை. தெருவில் வெடி வைத்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார்கள். நான் நிறுத்தவில்லை. பின்சீட்டில் மனைவி அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துட்டம்டா, இதோ வந்துட்டம்" என்றபடியே வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயது. கூட்டம் முழுக்கத் தீக்காயம். மச்சானைப் பார்த்தவுடன் அவர் மற்றவர்களை விட்டுவிட்டு வந்தார். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. லைட் அடித்து எட்டிப் பார்த்தார்.

"கடைவாய்ல ஏதோ அடைச்சிருக்கு. பல் டாக்டர் வைக்கிற மாதிரி இல்லையே. என்ன வெச்சாங்கன்னு எனக்குத் தெரியணும். எந்த கிளினிக்?"

மச்சான் பேப்பர் கேட்டுக் கையை ஆட்டினான். நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்தாள். எழுதினான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. 'தெரியாது. பழசு. பொரியில் கல் கடிச்சேன்.'

எழுதிவிட்டு டாக்டரிடம் கொடுத்தான். ஆனால் பார்த்தது என்னை. மூச்சு விட முடியாத ஆள் எனக்காகப் பொய் எழுதிவிட்டு என்னைப் பார்க்கிறான். மனைவி அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை எழுதித்தான் ஆக வேண்டும். இவன் செத்துப்போனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஷெட்டில் தெரியும், ஆனால் அவர்கள் என் சம்பளம் வாங்குகிறவர்கள். அப்படி நினைத்துக்கொண்டு நான் நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது. அவன் நெஞ்சு நாலைந்து தடவை ஏறி இறங்கியது.

"நான்தான் டாக்டர்" என்றேன்.

"நீங்க பல் டாக்டரா?"

"லேத் ஷெட். பைப்புல லீக் அடைக்கிற பசை. அதை வெச்சு அடைச்சேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவை எடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். "சொத்தைக்குள்ள சீழை வெச்சு பூட்டியிருக்கீங்க. வெளிய வர வழியில்லாம கழுத்துக்கு இறங்கியிருக்கு" என்றார். என் மனைவி "இன்னாது?" என்றாள். என்னை விட்டு விலகித் தம்பி பக்கம் போய் நின்றுகொண்டாள்.

தொண்டை வழியாகக் குழாய் போக இடமில்லை என்றார்கள். கையெழுத்துக் கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஓட்டை அடைத்தவன் நான். என் மச்சான் கழுத்தில் ஓட்டை போடச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த ஓட்டை வழியாகத்தான் அவன் ஒன்பது நாள் மூச்சுவிட்டான். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறிச் சீழை வெளியே எடுத்தார்கள். பிழைப்பானா என்று கேட்டபோது, "சுகர் வேற இருக்கு, பார்க்கலாம்" என்றார்கள். ஒவ்வொரு நாளும் அதே பதில்.

ஐந்தாவது நாள் ஒரு டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டினார். அவனிடமிருந்து பிடுங்கிய பல். வேர் கறுத்து அரித்துப்போயிருந்தது. விரல் பட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது. மேலே நான் வைத்த பசை மட்டும் வைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. ஓரத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. என் ஆயுளில் நான் செய்த அடைப்புகளிலேயே அதுதான் சுத்தமான அடைப்பு.

"வேற யாருக்காவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

வாட்ச்மேனை அன்றைக்கே நானே கூட்டிக்கொண்டு ஓடினேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த மாடி வீட்டு டாக்டர்தான் அவருக்கு அந்த அடைப்பைப் பிரித்து எடுத்தாள். உள்ளே அப்போதுதான் கெட ஆரம்பித்திருந்தது என்றாள். அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒடிசாக்காரருக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"முதலாளி! ஹேப்பி தீவாளி!"

"பல்லு எப்புடி கீது?"

"சூப்பர் முதலாளி. பசங்க கூட எல்லா ஸ்வீட்டும் சாப்ட்டேன்."

"இத்தக் கேளு. அந்தப் பல்லை உடனே டாக்டர் கைல காட்டு. நான் வெச்சதைப் பிரிச்சு எடுக்கச் சொல்லு. நான் செஞ்சது தப்பு."

சிரித்தார். "நீங்க செஞ்சது தப்பு ஆகாது முதலாளி. ஏழு வருஷம் பாக்கறேன்."

"யோவ், தமாஷ் இல்ல. என் மச்சான் ஆஸ்பத்திரில கெடக்கறான்."

"அவருக்கு சுகர் முதலாளி. எனக்கு ஒண்ணும் இல்லை. டாக்டர் இங்க தூரம். பஸ் மாறிப் போகணும். லீவு முடிஞ்சு வரேன், அங்க பாக்கலாம்."

கத்தினேன். கெஞ்சினேன். நான் கெஞ்சி அவர் அதுவரை கேட்டதில்லை. ஏதோ விளையாடுகிறேன் என்றுதான் கடைசி வரைக்கும் நினைத்தார். என் வேலையில் தப்பு வராது என்று ஏழு வருஷமாக அவர் காதில் ஓதியவன் நான்தான். மறுநாளும் பேசினேன். அதற்கு அடுத்த நாள் மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்கப்புறம் மணியும் அடிக்கவில்லை.

மச்சான் பிழைத்துக்கொண்டான். குரல் மட்டும் கரகரவென்று ஆகிவிட்டது. இப்போது ஸ்வீட் பாக்ஸ் வந்தால் வீட்டுக்கு வருகிறது. மத்தியானச் சாப்பாட்டோடு மனைவி கிள்ளிக் கொடுக்கிற துண்டுதான். சாப்பிட்டதும் இரண்டு பேரும் கொப்பளிக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் போகிறோம். என்னை உட்காரவைத்துப் பார்த்த புது டாக்டர், பல்லால் ஒயர் உரித்து உரித்து முன்பல்லில் விரிசல் விட்டிருக்கிறது, இத்தனை நாள் தெரியவில்லையா என்றார்.

லீவு முடிந்து, தீபாவளிக்குப் பத்தாம் நாள் வர வேண்டிய ஒடிசாக்காரர் வரவில்லை. இப்போது அடுத்த ஆயுத பூஜையும் வந்துவிட்டது. அவர் ஓட்டின மில்லிங் மெஷினுக்கு வேறு ஆள் போடவில்லை. "சூரத் பக்கம் வேலைக்குப் போயிருப்பாரு மாமே, அங்க சம்பளம் ஜாஸ்தி. நம்பர மாத்திட்டிருப்பாரு" என்கிறான் மச்சான். இருக்கலாம். அவரோடு வந்த ஊர்க்காரர் ஒருவர் பூந்தமல்லியில் வேலை செய்கிறார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவரை எதிரே பார்த்தேன். கேட்டிருக்கலாம். ரோட்டின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அவருடைய ஆதார் ஜெராக்ஸ் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது. அதில் ஊர் விலாசம் இருக்கிறது. ரயில் ஏறினால் இரண்டு நாளில் போய்விடலாம் என்று மனைவி சொல்கிறாள். டிக்கெட் எடுக்கட்டுமா என்று நேற்றும் கேட்டாள்.

ஆர்டர் நிறைய இருக்கிறது, பூஜை முடியட்டும் என்றேன்.